குட்டித் தவுக்கேயின் இடது கண்

மகனே,

உனக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களும் உறை பிரிக்கப்படாமல் என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டன. மூன்றாவது முறை நானே கிள்ளானுக்கு ரயிலேறி வந்தேன். கடை வாசலில் நின்ற பையன், முதலாளி போர்ட் சுவெட்டன்ஹாமுக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறார் என்றான். உன் செருப்பு வாசலில் கிடந்தது. நான் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டேன். அதனால்தான், என் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த இந்தப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன். இது உன் கடைக்கு வாராவாரம் வருகிறது. சனிக்கிழமை காலையில், தோட்டத்துச் சனங்கள் துணி பார்த்துக்கொண்டிருக்கும்போது, உன் கணக்குப்பிள்ளை இதைச் சத்தமாக வாசிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். கணக்குப்பிள்ளை அண்ணே, இது யாரைப் பற்றியது என்று இந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குரலைத் தாழ்த்த வேண்டாம், பக்கத்தைத் திருப்பவும் வேண்டாம். ஒரு கிழவனுக்காகக் கடைசி வரை வாசியுங்கள்.

உன் பெயரையோ கடையின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. ஆனாலும் கிள்ளானில் பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். ஊரறிய உன்னை நிறுத்துகிறேனே என்ற வெட்கம் எனக்கு இருக்கிறது. என்ன செய்வது, எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் பேரனுடைய ஒரு கண் அணைந்துகொண்டிருக்கிறது. அதைத் தடுக்கக் காலம் இருக்கும்போதே நீ கதவைச் சாத்திவிட்டாய்.

முதலில் உன் பக்கத்தை எழுதுகிறேன். எதிர்த்தரப்பையும் கேட்டு எழுதுவதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டம் தோட்டமாக ஆட்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். இருந்தவர்களுக்கும் பாதிச் சம்பளம்தான். புதுத் துணி யார் எடுப்பார்கள்? உன் தெருவில் ஜவுளிக்கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை போட்டு மூடின. உன் கடையையும் மூடியிருக்க வேண்டியதுதான். அப்போதுதான் பையனுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. எதையாவது கிட்டத்தில் உற்றுப் பார்த்தால் அவனுடைய இடது கண் மூக்குப் பக்கம் சாயத் தொடங்கியது. நீ அவனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மெத்தை போட்டு உட்காரவைத்தாய். கல்யாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்க வந்த ஒரு அம்மாள் அவனைப் பார்த்துவிட்டு, "மாறுகண் பிள்ளை, அதிர்ஷ்டம்லா! இவன் கையால போணி பண்ணுங்க தவுக்கே" என்றாள். அன்றைக்கு முதல் காசை அவன் கையில் வாங்கினாய். அந்தக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மாள் பத்துப் பேரிடம் சொன்னாள். பந்திங்கிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் கூறைச்சேலைக்காரர்கள் உன் கடையைத் தேடி வரத் தொடங்கினார்கள். சேலையை முதலில் அவன் தொட வேண்டும், முதல் காசை அவன் வாங்க வேண்டும். அவனுக்குக் "குட்டித் தவுக்கே" என்று, சின்ன முதலாளி என்ற பொருளில், ஒரு பெயரும் வந்தது. உன் கடை பிழைத்தது. கணக்குப்பிள்ளை வீட்டிலும் கடைப்பையன்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. இது உண்மை. இதை நான் மறைத்தால் இனி எழுதும் எதையும் நீ நம்ப வேண்டாம்.

நான் வரும்போதெல்லாம் அந்தப் போணியைப் பார்த்திருக்கிறேன். காசை நீட்டுவார்கள். பையன் கையை நீட்டுவான். அவன் கை காசுக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் வெறும் காற்றைப் பிடிக்கும். காசு பலகையில் விழுந்து உருளும். எல்லோரும் சிரிப்பார்கள். "பாருங்க, குட்டித் தவுக்கேக்குக் காசாசையே இல்ல!" என்று ஒருவர் சொல்வார். "காச வேணாங்குற கை, அதான் காசு தேடி வருது" என்பார் இன்னொருவர். நீ மகிழ்ச்சியில் தலையாட்டுவாய். நானும்தான் சிரித்தேன். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்காத பிள்ளைக்கு ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு அகப்படாது, அதனால்தான் கை தவறுகிறது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்கு நீங்கள் மூவரும் பத்துமலைக்கு வந்தீர்கள். மருமகளுக்குக் காய்ச்சல் கண்டதால் பையனைக் கொஞ்ச நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். வீட்டில் நானும் அவனும்தான். ஒரு மனிதனோடு காலை முதல் இரவு வரை இருந்தால்தான் அவனைப் பற்றி எழுத முடியும் என்று இளம் நிருபர்களுக்கு நான் சொல்வதுண்டு. பேரனைப் பற்றி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரயில்வே பணிமனைப் புகைபோக்கியின் மேல் உட்கார்ந்த காக்கையை அவன் காட்டுவான், எனக்கு அது தெரியாது. ஆனால் தீப்பெட்டிப் படத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வற்புறுத்தினால் கண்ணைக் கசக்குவான், நெற்றி வலிக்கிறது என்பான். பொழுது சாயச் சாய அந்த இடது கண் இன்னும் உள்ளே போகும். காலையில் தூங்கி எழுந்ததும் அநேகமாக நேராக இருக்கும். அதிர்ஷ்டம் என்பது காலையில் குறைந்து மாலையில் கூடுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. உன்னைக் கேட்காமல் அவனை ஆஸ்பத்திரிக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. மருந்து எதுவும் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தார். என்னையும் வெள்ளைச் சட்டை போட்ட ஆஸ்பத்திரி ஆளையும் அறையின் அந்தக் கோடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நானும் அன்று வெள்ளைச் சட்டைதான். இருவரும் வாய் திறக்கக் கூடாது என்றார். பையனின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, "தாத்தா எங்கை நிக்கிறார்?" என்று கேட்டார். பையன் என்னைக் காட்டிச் சிரித்தான். பிறகு எங்களை இடம் மாறி நிற்கச் சொல்லிவிட்டு, அவனுடைய வலது கண்ணை மூடினார். உடனே பையன் அந்தக் கையைப் பிடித்து இழுத்தான். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். அழத் தொடங்கினான். "தாத்தாவைக் காட்டு ராசா, கையை எடுத்திடுறன்" என்றார் டாக்டர். அவன் அழுதுகொண்டே அந்த ஆளைக் காட்டினான். "தாத்தா, வாங்க" என்று அந்த ஆளைக் கூப்பிட்டான். மகனே, நான் அவனுக்கு எதிரில் நிற்கிறேன். வாய் திறக்கக் கூடாது. என் பேரன் இன்னொருவனைத் தாத்தா என்று கூப்பிடுகிறான்.

பிறகு சில நாட்கள் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணாடி வழியே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். அன்றைக்கே குறித்துக்கொண்டேன். "ஐயா, பொடியனுக்குத் தூரப்பார்வை. ரெண்டு கண்ணிலையும் இருக்கு, இடதிலைதான் கூடுதல். கண்ணுருண்டை கொஞ்சம் சின்னன். கிட்ட உள்ளதைப் பாக்க அவன் கண்ணை உள்ளுக்கை இறுக்க வேணும். இறுக்க இறுக்கக் கண் மூக்குப் பக்கம் இழுபடும். அப்பிடித்தான் இடது கண் சாஞ்சது." நான் விடவில்லை. "புகைபோக்கி மேல் இருக்கும் காக்கையைக் காட்டுகிறானே, அவனுக்கா பார்வைக் குறை?" என்றேன். அவர் சிரித்தார். "காட்டுவான். பிள்ளையளுக்குக் கண்ணிலை பலம் கூட. அந்தப் பலத்தாலைதான் உங்கள் எல்லாரையும் ஏமாத்திக்கொண்டு இருக்கிறான்" என்றார். "ஒரு கண் இஞ்சை, மற்றது அங்கை பாத்தால் மூளைக்கு ரெண்டு படம் வரும். மூளை ஒண்டைக் கைவிட்டிடும். கைவிட்ட கண் பாக்கப் பழகாது ஐயா. கண் இருக்கும், பார்வை இராது."

பெரியவனானதும் கண்ணாடி போட்டால் ஆகாதா என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன், நீ இதைத்தான் கேட்பாய் என்று தெரியும். "சின்னனிலை பழகாத கண் பிறகு பழகுறது வலு கஷ்டம். இப்ப இவனுக்கு வயசு இருக்கு. காலம் போகப் போக என்ரை கையிலை ஒண்டும் இராது" என்றார். முழுவதும் தெளிந்துவிடும் என்று வாக்குக் கொடுங்கள் என்றேன். கொடுக்க மாட்டேன் என்றார். கண்ணாடியை விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும், பிறகு நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைத்து மற்றக் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும், அப்படிச் செய்தால் நல்ல நம்பிக்கை உண்டு, செய்யாவிட்டால் நம்பிக்கை இல்லை என்றார். அவர் சொன்னது இவ்வளவுதான். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கண்ணாடி வந்தது. பையன் முதல் நாள் அதைப் பிடுங்கி எறிந்தான், மறுநாளும் எறிந்தான். அதற்கப்புறம் ஒரு காலையில் சோறு தின்றுகொண்டிருந்தவன் தட்டைக் கிட்டத்தில் பார்த்து, "தாத்தா, சோத்துல எறும்பு" என்றான். அதற்குப் பிறகு அவனே கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். கண்ணாடிக்குள்ளே அவன் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. நாள் ஆக ஆக இரண்டும் நேராக நின்றன. அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்த முகத்தை உனக்குக் காட்டப்போகிறேன் என்ற மகிழ்ச்சியில்தான் அவனைக் கிள்ளானுக்குக் கூட்டி வந்தேன்.

அதன்பின் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கடையில் பந்திங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் பையனைப் பார்த்ததும் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டாள். "என்ன தவுக்கே இது, சின்னப் பிள்ளைக்குக் கிழவனாட்டம் சோடாப்போத்தல மாட்டி விட்டிருக்கீங்க? கண்ணு நேராயிருச்சே! நாங்க அவ்வளவு தூரம் பஸ்ஸேறி வந்ததே இவன் கையால எடுக்கத்தான்லா" என்றாள். உன் முகம் சுருங்கியது. "அப்பா, அதக் கழட்டுங்க" என்றாய். நான் அசையவில்லை. நீயே கழற்றினாய். கழற்றிய மாத்திரத்தில் அவனுடைய இடது கண் சடாரென்று உள்ளே போனது, முன்பு இருந்ததைவிட அதிகமாக. "ஆ, இப்பதான் நம்ம குட்டித் தவுக்கே!" என்று அந்த அம்மாள் கைதட்டினாள். நீ என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களாப்பா, உங்க கண்ணாடியால முன்னயவிடக் கோணலாயிருச்சு" என்றாய். ஒரே நிமிடத்தில் அதே கோணல் அந்த அம்மாளுக்கு அதிர்ஷ்டமாகவும் உனக்கு என் மேல் குற்றமாகவும் ஆனது. அது கண்ணாடி செய்த கெடுதல் இல்லை, மகனே. கண்ணாடி இருக்கும்போது கண் இறுக்க வேண்டியதில்லை, ஓய்வாக இருக்கிறது. கழற்றினால் மறுபடி முழுப் பலத்தோடு இறுக்குகிறது, அதனால் சாய்கிறது. டாக்டர் இதை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதை உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ கண்ணாடியைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, "அத்தைய மறந்துட்டீங்களா? நம்ம வீட்டுல உலை கொதிச்சதே அவங்க கண்ணு ராசியில. அவங்களுக்கு யாரு கண்ணாடி போட்டா?" என்று கேட்டாய். பையன் பலகையைத் தடவிக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

உன் அத்தையை நான் மறக்கவில்லை. அவள் என் கூடப்பிறந்த அக்காள். உன் அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள். அவளுக்கும் இடது கண்தான் சாய்ந்திருந்தது. நம் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் யார் புதுவீடு புகுந்தாலும் பால் காய்ச்ச அவளைத்தான் கூப்பிடுவார்கள். செங்கல் சூளையில் புதுச் சூளைக்கு நெருப்பு வைக்க அவள் போக வேண்டும். அவள் கையால் எல்லாம் விளங்கும் என்று லயமே நம்பியது, நானும் நம்பினேன். உனக்கு அந்த நம்பிக்கை என் வீட்டுச் சோற்றோடுதான் ஊட்டப்பட்டது. பிறகு ஒரு நாள் அவள் ரப்பர்க் கட்டை பிளந்துகொண்டிருந்தபோது சிராய் தெறித்து வலது கண்ணில் பட்டது. அந்தக் கண் போய்விட்டது. இடது கண்ணில் ஒரு தூசிகூடப் படவில்லை. ஆனாலும் அன்று முதல் அவள் சுவரைத் தடவித்தான் நடந்தாள். உனக்கு அப்போது பத்து வயதிருக்கும். நீதான் அவள் சேலை முந்தானையைப் பிடித்துக் கோவிலுக்கு அழைத்துப் போவாய். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உன் மூக்கைத் தடவிப் பார்த்து, "எம் புள்ளதான்" என்பாள். ஒரு கண் போனால் மற்றதும் துக்கத்தில் கூடவே போய்விடும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நாமும் அப்படியே விட்டுவிட்டோம்.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். "நான் பாக்காத கண்ணைப் பற்றிச் சொல்லக்கூடாது ஐயா. ஆனாலும் ஒண்டு கேக்கிறன். அவவின்ரை அந்தக் கண் முந்தி எப்பவாவது பாத்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றார். நூறு பேரிடம் நூறு கேள்வி கேட்டவன், என் அக்காளிடம் அதைக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. உனக்கும் வரும். அவளுக்குக் கண் நன்றாக இருந்த காலம். நாம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ விளையாட்டாக, "அத்தே, அந்தக் கண்ணால என்னப் பாத்தா நான் எப்படித் தெரிவேன்?" என்று கேட்டாய். அவள் சிரித்துக்கொண்டே உன் இலையில் அப்பளத்தை வைத்து, "அது சாமிக்குக் குடுத்த கண்ணுடா. அதால நான் எதையும் பாத்ததில்ல" என்றாள். நாம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டோம். அவள் ஒளிக்காமல் உண்மையைத்தான் சொன்னாள். லயமே கும்பிட்ட அந்தக் கண் சின்ன வயதிலேயே குருடு. மற்றக் கண் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. சிராய் தெறித்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது சொல், எனக்குத் தூக்கம் எப்படி வரும்? உன் கடையில் ஆணி இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது, பையன்கள் கவண் வைத்து விளையாடுகிறார்கள். என் பேரனிடம் இருப்பது ஒரே ஒரு கண். அவன் அதை வைத்துக்கொண்டுதான் உங்கள் எல்லோருக்கும் அதிர்ஷ்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். கண்ணாடி போட்டால் கூறைச்சேலைக்காரர்கள் வரமாட்டார்கள் என்று பயப்படுகிறாய். வராமலும் போகலாம், அதை நான் மறுக்க முடியாது. கடை போனால் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிடு, இருப்பதைச் சேர்ந்து தின்போம். கடையை மறுபடி திறக்கலாம். அந்தக் கண்ணை மறுபடி திறக்க ஆளில்லை. இதற்கு மேல் எப்படிக் கெஞ்சுவது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ பேருடைய மனுக்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் மனுவை எழுத வரவில்லை.

என்னை நம்ப வேண்டாம். டாக்டரையும் நம்ப வேண்டாம். கணக்குப்பிள்ளை அண்ணன் இதை வாசித்து முடித்ததும், கடையிலிருக்கும் எல்லோரையும் சாட்சி வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய். மருமகளைக் கூப்பிடு. அவள் பையனை மடியில் வைத்து, அவனுடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடட்டும். நீ உன்னைப் போல் உயரமும் சட்டையும் உள்ள ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவரோடு வாசலோரம் போய் நில். பேசாதே, இருமாதே, கையசைக்காதே. அவன் அழுவான், அம்மாவின் கையைப் பிடித்து இழுப்பான். கொஞ்சம் பொறுத்துக்கொள். "அப்பா எங்க?" என்று அவள் கேட்கட்டும்.

அவன் உன்னைக் காட்டினால் இந்தத் தாளைக் கிழித்துத் துணி பொதியக் கொடுத்துவிடு. நான் இனி எழுத மாட்டேன்.

பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து அவன் "அப்பா" என்று கூப்பிட்டால், அப்போதும் பேசாதே. நேரே உள்ளே போ. கண்ணாடி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

உன் அப்பா